லக்கோட்டா: கடைத்தெருவுக்கு வராத சுவை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் இல்லங்களில் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால், தைலப் புட்டிக்கும் ஓமத்திரவத்துக்கும் பக்கத்தில், கருந்தேன் போன்ற குழம்பு நிறைந்த ஒரு சீனத்துப் புட்டி இருப்பதைப் பல வீடுகளில் காணலாம். பிள்ளை இருமினால் ஒரு கரண்டி. பாடம் நடத்தித் தொண்டை கட்டிக்கொண்ட ஆசிரியருக்கு ஒரு கரண்டி. 'பெய் பா கோ' என்று அதற்குப் பெயர். அது சீனர் மருந்தாயிற்றே என்னும் வேற்றுமை நம் தாய்மார் மனத்தில் எழுந்ததில்லை. அப்பெயரிலுள்ள 'பெய் பா' என்பது ஒரு பழமரத்தின் பெயர் என்பதை அறிந்தவர் சிலர். அப்பழத்தை உண்டு பார்த்தவரோ மிகச் சிலர்.

ஆங்கிலத்தில் லோக்குவாட் என்றும், தமிழில் லக்கோட்டா என்றும் வழங்கும் கனியே அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் விரும்பி உண்டுவரும் கனி. சீனாவில் தோன்றி, ஜப்பான், இந்தியா, துருக்கி, ஸ்பெயின், கலிபோர்னியா என உலகைச் சுற்றிவந்த கனி. நம்மோடு அடுத்தடுத்து வாழும் சீன மக்களின் இலக்கியத்திலும் ஓவியத்திலும் இடம்பெற்ற கனி. அது நம் கடைத்தெருவில் மட்டும் ஏன் என்றோ ஒருநாள் வந்துபோகும் விருந்தாளியாகவே இருக்கிறது? ஆப்பிளும் ஆரஞ்சும் கப்பலேறி வந்து நம் அன்றாடப் பழங்களாகிவிட்டன. லக்கோட்டா ஏன் ஆகவில்லை? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், வாணிக வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம் நமக்குப் புலப்படும்.

கனியின் இயல்பு

லக்கோட்டா, ரோசா, ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மரம் இருபது முப்பது அடி வளரும். ஆண்டு முழுவதும் இலையுதிராமல் பசுமையாக நிற்கும். இலை நீண்டு தடித்து, நரம்போடி, அடிப்புறத்தில் பழுப்பு நிறப் பஞ்சு படர்ந்திருக்கும். கனி கோழிமுட்டையினும் சிறிது. கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். பழுத்தால் பொன்மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ நிறம் கொள்ளும். மெல்லிய தோலை உரித்தால் உள்ளே சாறு நிறைந்த சதை. சதைக்கு நடுவே மூன்று, நான்கு பருத்த கொட்டைகள். சிக்குப் பழத்தின் விதையைப் போன்ற வழவழப்பு உடையவை. ஆனால் அதனினும் பருமனானவை.

இம்மரத்தின் காலக்கணக்கு பிற பழமரங்களுக்கு மாறானது. ஆப்பிளும் பேரியும் வசந்தத்தில் பூத்து இலையுதிர் காலத்தில் பழுக்கின்றன. லக்கோட்டாவோ இலையுதிர் காலத்தில் அரும்பி, குளிரில் பூத்து, வசந்தத்தில் காய்த்து, கோடையின் வாயிலில் பழுக்கும். நான்கு பருவங்களின் சாரமும் ஒருங்கே பெற்ற கனி என்று சீனர் இதனைப் பாராட்டுவது இதனாலேயே. பிற பழங்கள் இல்லாத நாளில் முதற்கனியாக வந்து நிற்பது இதன் சிறப்பு. பனி மிகுந்தால் பூவும் பிஞ்சும் கருகும். வெப்பம் மிகுந்தால் மரம் தழைத்தாலும் காய்ப்பது அரிது. ஆகவே நம் போன்ற தாழ்நிலத்து நாடுகளில் இது வீட்டு மரமாகவில்லை.

சுவையைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். இதை எழுதுவோன் முதன்முதலில் லக்கோட்டாவைச் சுவைத்தது சிங்கப்பூரில், கடையிலிருந்து வாங்கிய ஒரு பெட்டியிலிருந்துதான். ஒவ்வொரு பழமும் வலைச்சட்டை அணிந்து, குழியில் அமர்ந்து, நகைக்கடைப் பொருள்போல் இருந்தது. விலையும் அதற்கேற்றதே. இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து உண்டபோது, நிறம் இருந்தது, மணம் சிறிது இருந்தது, சுவை இல்லை. சதை நார்போல் இறுகி, புளிப்பும் இன்றி இனிப்பும் இன்றி இருந்தது. இதற்காகவா கவிஞர் பாடினர், ஓவியர் வரைந்தனர் என்று தோன்றியது.

சில ஆண்டுகளுக்குப் பின், குன்னூரில் உறவினர் வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்திலிருந்து, காம்போடு கிள்ளிய பழத்தை அங்கேயே நின்று தின்னும் வாய்ப்பு நேர்ந்தது. பல்பட்ட இடத்தில் சாறு வழிந்தது. நன்கு பழுத்த மாம்பழத்தில் கொட்டையை ஒட்டிய பகுதியில் ஓர் இனிய புளிப்பு இருக்குமே, அதை ஒத்த சுவை. ஆனால் மாம்பழத்தின் கனம் இல்லாத, தண்ணீர்போல் இலேசான சுவை. ஒன்று தின்றவன் ஒன்றோடு நிற்க மாட்டான். கடையில் வாங்கியதும் இதுவும் ஒரே கனிதானா என்னும் ஐயம் எழுந்தது. அந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

ஐயத்தைத் தெளிவிக்க அறிவியல் துணை செய்கிறது. லக்கோட்டாவின் புளிப்புக்குக் காரணம், ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலமே. மரத்தில் இருக்கும் கடைசி நாட்களில்தான் இவ்வமிலம் குறைந்து சர்க்கரை ஏறுகிறது. வாழையைப்போலக் காயாகப் பறித்துப் பழுக்க வைத்தால் இதன் புளிப்பு இனிப்பாகாது. முற்றப் பழுத்தபின் பறித்தாலோ, தோல் மிக மெல்லியதாதலின் விரல் பட்ட இடமெல்லாம் பழுப்பேறும். சரி, குளிரில் வைத்துக் காக்கலாமே எனின், செம்மஞ்சள் சதையுடைய வகைகள் சிலவற்றில், குளிர் பட்டால் மரக்கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் சதையில் சேர்ந்து, பழம் இறுகி வறண்டுபோகிறது. முன்னரே பறித்தால் புளிக்கும்; பின்னர்ப் பறித்தால் நசுங்கும்; குளிரில் வைத்தால் இறுகும். வணிகனுக்கு இதைவிடத் தொல்லையான பழம் வேறு இராது.

எனவே லக்கோட்டாவை உண்ண விரும்பிய மக்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. பழத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவர முடியாது; மரத்தைத்தான் கொண்டுவர வேண்டும். இக்கனியின் வரலாறு முழுவதும் இந்த ஒரு நியதியின் விரிவுரை எனலாம்.

யாழும் கனியும்

சீன மொழியில் இக்கனிக்குப் 'பிபா' என்று பெயர். யாழினத்தைச் சேர்ந்த நான்கு நரம்புடைய ஓர் இசைக்கருவிக்கும் அதே ஒலியுடைய பெயர்தான். எழுத்து மட்டுமே வேறு. இதனால் எழுந்த வேடிக்கைக் கதை ஒன்று சீனரிடையே வழங்குகிறது. ஒருவர் நண்பருக்கு ஒரு கூடைப் பழம் அனுப்பி, கூடவே வைத்த கடிதத்தில் பழத்தின் எழுத்துக்குப் பதிலாக இசைக்கருவியின் எழுத்தை எழுதிவிட்டாராம். பெற்றவர், இத்தனை யாழ்களைத் தின்பது எங்ஙனம் என்று நகைத்தாராம். எழுத்துப்பிழை திருத்தும் தமிழாசிரியர்கள் இக்கதையை நன்கு சுவைப்பர்.

அவ்வாறாயின் லோக்குவாட் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு கதை உண்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீமா சியாங்ரூ என்னும் புலவர், ஹான் பேரரசரின் வேட்டைப் பூங்காவைப் பற்றி இயற்றிய நெடும்பாடலில் அங்கிருந்த மரங்களை வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் 'லூஜூ' என்று ஒரு மரமும், 'பிபா' என்று வேறொரு மரமும் தனித்தனியே வருகின்றன. லூஜூ என்பது ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த ஒன்று என்பது அறிஞர் பலரின் கருத்து.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சூ டோங்போ (கி.பி. 1037-1101) என்னும் பெருங்கவிஞர் தம் பாடலில் லூஜூ என்னும் சொல்லைப் பிபாக் கனிக்கு வழங்கினார். அக்காலத்தில் வாழ்ந்த ஹுயிஹோங் என்னும் துறவி தம் நூலில் இதைப் பற்றி ஓர் உரையாடலைப் பதிவு செய்துள்ளார். லூஜூ என்பது என்ன பழம் என்று நண்பர் ஒருவர் கேட்டாராம். பிபாதான் என்றாராம் கவிஞர். சான்று என்ன என்றதற்குச் சியாங்ரூவின் பாடலைக் காட்டினாராம். அப்பாடலில் இரண்டும் தனித்தனியே வருகின்றனவே, ஒரே கனியைப் புலவர் இருமுறை கூறுவாரா என்று நண்பர் மடக்கினாராம். கவிஞர் அதை ஒப்ப மனமில்லை என்னும் பொருள்பட ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டாராம்.

கவிஞர் சிரித்துக் கழித்த அப்பெயர் வழக்கில் நின்றுவிட்டது. தென்சீனத்தில், கன்டோனிய மொழியில், அது 'லோ-குவாட்' என ஒலித்தது. கன்டன் துறைமுகத்துக்கு வந்த ஆங்கிலேயர் அதையே கேட்டு எழுதிக்கொண்டனர். பிறிதொரு பழத்துக்குரிய பெயர் இவ்வாறு இக்கனியின் ஆங்கிலப் பெயராயிற்று. அதுவே இந்தியாவை அடைந்து, வடக்கில் லுகாட் எனவும், கன்னடத்தில் லக்கோட்டெ எனவும், தமிழில் லக்கோட்டா எனவும் திரிந்தது. பழைய அலுவலக வழக்கில் லக்கோட்டா என்பது முத்திரையிட்ட கடித உறைக்கும் பெயர். அது வேறு வழியில் வந்த சொல். சீனத்தில் யாழோடு பெயர் மயங்கிய கனி, தமிழில் கடித உறையோடு பெயர் மயங்கிற்று.

முற்றத்து மரம்

சீனாவில் சூச்சோ நகரை அடுத்த தைஹூ ஏரிக்கரைக் குன்றுகளும், ஹாங்சோவை அடுத்த தாங்சியும், புஜியான் மாநிலத்துப் புத்தியானும் லக்கோட்டாவுக்குப் பேர்பெற்றவை. வெண்சதை வகை, செஞ்சதை வகை என இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. வெண்சதை வகை மென்மையும் இனிமையும் மிக்கது. ஆயினும் எளிதில் கெடும். செஞ்சதை வகை சற்று உறுதியானது, பயணத்தைத் தாங்கும். எது இனிதோ அது ஊரிலேயே தங்கிவிடுகிறது. எது உறுதியானதோ அது ஊர் கடக்கிறது. கடைப்பழம் உண்டு லக்கோட்டாவை மதிப்பிடுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தென்சோங் காலத்து ஓவியர் லின் சுன் வரைந்த ஒரு சிறிய பட்டோவியம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. பழுத்த லக்கோட்டாக் கிளையில் ஒரு சிறு பறவை அமர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் ஓவியம். கூடையோ, தட்டோ, அங்காடியோ அதில் இல்லை. கிளையிலிருக்கும் கனியே கனி என்று அவ்வோவியர் கருதினார் போலும்.

இலக்கியச் சான்று இதனினும் உருக்கமானது. மிங் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குயி யூகுவாங் என்னும் உரைநடையாளர், தாம் படித்த ஒரு சிற்றறையைப் பற்றி எழுதிய கட்டுரை சீனப் பள்ளிகளில் இன்றும் பாடமாக உள்ளது. ஒழுகும் கூரை, பாட்டியின் நினைவு, தாயின் நினைவு, இளமையிலேயே இறந்த மனைவியின் நினைவு என்று சொல்லிக்கொண்டு செல்பவர், இறுதியில் முற்றத்தில் நிற்கும் ஒரு லக்கோட்டா மரத்தைச் சுட்டி முடிக்கிறார். மனைவி மறைந்த ஆண்டில் நடப்பட்ட மரம் அது. அவர் எழுதும்போது குடைபோல் வளர்ந்து நிற்கிறது. துயரம் என்ற சொல்லை அவர் அங்கு எடுத்தாளவில்லை. மரத்தின் வளர்ச்சியே காலத்தின் அளவையாகிவிடுகிறது. வீட்டில் நட்ட மரத்துக்கே இத்தகைய பேச்சு உண்டு.

நாகசாகிப் பணிப்பெண்

இனி, கடல் கடந்த கதைக்கு வருவோம். ஜப்பானில் இக்கனிக்கு 'பிவா' என்று பெயர். வெளிநாட்டாருக்குக் கதவடைத்திருந்த அக்காலத்து ஜப்பானில், நாகசாகித் துறைமுகம் ஒன்றே டச்சுக்காரருக்கும் சீனருக்கும் திறந்திருந்தது. டச்சுக் கம்பெனியின் மருத்துவராக 1690 முதல் 1692 வரை அங்கிருந்த ஜெர்மானியர் எங்கல்பெர்ட் கெம்ப்பர், 1712-இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தார். 1775-இல் அதே கம்பெனியின் மருத்துவராக அங்கு வந்த ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் கார்ல் பீட்டர் துன்பர்க், இதற்கு அறிவியல் பெயரிட்டபோது, ஜப்பானுக்குரியது என்னும் பொருள்பட 'ஜப்பானிகா' என்று எழுதினார். 1821-இல் ஆங்கில அறிஞர் ஜான் லிண்ட்லி, கம்பளிக் கொத்து என்னும் பொருளுடைய 'எரியோபோட்ரியா' என்னும் கிரேக்கச் சொற்சேர்க்கையை முற்பெயராக்கினார்; 'ஜப்பானிகா' அப்படியே நின்றது. சீனத்துக் கனி உலக ஏடுகளில் ஜப்பானியக் கனியாகப் பதிவான வரலாறு இதுவே. எந்தத் துறைமுகத்தில் கண்டார்களோ அந்நாட்டின் பெயரையே சூட்டினார்கள்.

அறிஞர் பெயரிட்டதோடு கனி இனிப்பாகிவிடவில்லை. ஜப்பானில் பழமையாக இருந்த வகை சிறியது, சதை குறைந்தது. பெரிய கனி வந்தது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். அதைக் கொண்டுவந்தவர் அரசரும் அல்லர், வணிகரும் அல்லர். நாகசாகியில் பணிப்பெண்ணாக இருந்த மியுரா ஷியோ என்பவர், சீனக் கப்பலில் வந்த லக்கோட்டாவின் விதைகளைப் பெற்று, பக்கத்திலுள்ள தம் ஊராகிய மோகிக்குக் கொண்டுபோய் நட்டார். அவ்விதையிலிருந்து எழுந்ததே இன்று ஜப்பான் முழுதும் புகழ்பெற்ற 'மோகி' வகை. இன்றும் ஜப்பானில் லக்கோட்டா விளைச்சலில் முதலிடம் நாகசாகி மாநிலத்துக்கே.

மற்றொரு பெருவகையின் வரலாறும் இவ்வாறே. ஜப்பானிய அருங்காட்சியகங்களின் தந்தை எனப் போற்றப்படும் தனாக்கா யோஷியோ 1879-இல் நாகசாகி சென்றபோது பெரிய லக்கோட்டாவை உண்டார். உண்டபின் விதையை எறியாமல் தோக்கியோவுக்கு எடுத்துச் சென்று நட்டார். அதிலிருந்து தேர்ந்தெடுத்த மரம் 'தனாக்கா' வகை ஆயிற்று. பழம் ஒரு வேளைக்கு. விதை ஒரு தலைமுறைக்கு என்பதை இவ்விருவரும் அறிந்திருந்தனர்.

அந்நாட்டில் லக்கோட்டாவை வீட்டுத் தோட்டத்தில் நட்டால் வீட்டில் நோயாளி உண்டாவார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இலை மருந்தாகப் பயன்பட்டதால், நோயுற்றோர் இலை கேட்டு அவ்வீட்டை நாடி வருவர். அதனால் எழுந்த நம்பிக்கை என்று சிலர் விளக்குவர். எதுவாயினும், விதையிலிருந்து எழும் மரம் காய்க்க ஆறு முதல் பத்து ஆண்டுகள்வரை செல்லும். நடுகின்றவர் தமக்காக மட்டும் நடுவதில்லை.

பழைய உலகமும் புதிய உலகமும்

ஐரோப்பாவில் 1784-இல் பாரிஸ் தேசியத் தோட்டத்தில் இம்மரம் நடப்பட்டது. 1787-இல் கன்டனிலிருந்து நாற்றுகள் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ பூங்காவை அடைந்தன. குளிர்நாடான இங்கிலாந்தில் இதைப் பழுக்க வைக்கக் கண்ணாடிக் கூடம் வேண்டியிருந்தது. 1818-இல் அத்தகைய கூடங்களில் நல்ல பழங்கள் விளைந்தன. அது செல்வர் விளையாட்டு. மத்தியதரைக் கடற்கரையிலோ கூடம் தேவைப்படவில்லை. மால்டா, அல்ஜீரியா, இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, லெபனான், பாலஸ்தீனம் எங்கும் அது வீட்டு மரமாகப் பரவிற்று.

போன இடமெல்லாம் புதுப்பெயர் பெற்றது. ஸ்பானியரும் இத்தாலியரும் போர்த்துகீசியரும் தங்கள் நாட்டில் முன்பே இருந்த மெட்லர் என்னும் பழத்தின் பெயரை இதற்கு வழங்கினர்; இன்று ஸ்பெயினில் 'நீஸ்பெரோ' என்றால் மக்கள் மனத்தில் தோன்றுவது வந்தேறிய லக்கோட்டாவே; பழைய மெட்லர் மறக்கப்பட்டது. துருக்கியர் இதை 'யெனிதுன்யா' என்றனர். புதிய உலகம் என்பது பொருள். மால்டாப் பிளம் என்றும் அழைத்தனர். பாலஸ்தீனத்தில் இதற்கு 'அஸ்கதின்யா' என்று பெயர்; அது துருக்கிய மொழியில் பழைய உலகம் எனப் பொருள்படும் தொடரின் திரிபு என்பர். ஒரே கனி ஒரு கரையில் புதிய உலகம், மறுகரையில் பழைய உலகம்.

மால்டாவிலிருந்து 1850-ஐ ஒட்டி இது அட்லாண்டிக் கடலிலுள்ள பெர்முடாத் தீவை அடைந்தது. அங்கே வேலியிலும் சாலையோரத்திலும் மரங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் பறித்துத் தின்பர். மிஞ்சியதைப் பெரியோர் பழப்பாகாகவும் சட்னியாகவும் மதுவாகவும் ஆக்குவர். கலிபோர்னியாவில் ஆரஞ்சு என்னும் ஊரைச் சேர்ந்த சி. பி. டாஃப்ட், விதையிலிருந்து பல மரங்களை எழுப்பி, அவற்றுள் நல்லனவற்றைத் தேர்ந்து, 'அட்வான்ஸ்', 'ஷாம்பெய்ன்' முதலிய வகைகளை உலகுக்குத் தந்தார்.

வாணிகம் இதை முற்றும் கைவிட்டது என்றும் கூறிவிட முடியாது. ஸ்பெயினின் அலிகாந்தே மாநிலத்துக் கல்யோசா என்னும் ஊர், வலைப்பந்தலின்கீழ் லக்கோட்டா பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறது. ஜப்பானிய உழவர் கொத்துக்குச் சில பிஞ்சுகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளி, எஞ்சியவற்றுக்குக் கையாலேயே காகித உறை கட்டுகின்றனர்; பறிக்கும்போதும் கனியைத் தொடாமல் காம்பையே பிடிக்கின்றனர். கடைப்பழத்தின் விலைக்குப் பின்னே இத்தனை உழைப்பு இருக்கிறது. குறை உழவருடையதன்று, கனியின் இயல்பே அது.

சஹாரன்பூரும் நீலகிரியும்

இந்தியாவில் லக்கோட்டா பெரும்பாலும் வடக்கே, சஹாரன்பூர், டேராடூன், பஞ்சாப் பகுதிகளில் விளைகிறது. பாகிஸ்தானில் உப்புமலைத் தொடரிலுள்ள கல்லர் கஹார் இதற்குப் பேர்போன ஊர். வட இந்தியத் தோட்டங்களில் பயிராகும் வகைகளின் பெயர்களைப் படித்தாலே ஒரு வரலாற்றுப் பாடம் கிடைத்துவிடும். 'தனாக்கா' என்பது ஒன்று. தோக்கியோவில் விதை நட்ட அறிஞர் பெயர். 'கலிபோர்னியா அட்வான்ஸ்' என்பது மற்றொன்று, டாஃப்ட் தேர்ந்தெடுத்தது. 'தேம்ஸ் பிரைட்' என்பது வேறொன்று. லண்டன் நகர் ஆற்றின் பெயரைத் தாங்கியது. 'சஃபேதா', அதாவது வெண்மை என்பது இன்னொன்று. அது மண்ணின் மொழி. சீனாவிலிருந்து புறப்பட்ட கனி கிழக்குவழி, மேற்குவழி இரண்டிலும் உலகைச் சுற்றி ஒரே தோட்டத்தில் வந்து கூடியிருப்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

தெற்கே, நீலகிரியின் குளிர்ச்சி இதற்கு ஏற்றது. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் வீட்டுக் கொல்லைகளிலும் பழைய பங்களாத் தோட்டங்களிலும் லக்கோட்டா மரங்களைக் காணலாம். சமவெளித் தமிழரிடம் லக்கோட்டா என்றால் பலர் விழிப்பர். மலைவாழ் பிள்ளைகளுக்கோ பள்ளிவிட்டு வரும்வழியில் கைக்கெட்டும் பழம். இக்கனிக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க விரும்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மரம் வேரூன்றிய இடத்தில் மக்கள் நாவில் வேரூன்றிய சொல் இருக்க, அகராதியில் மட்டும் வாழும் சொல் எதற்கு?

பயணம் செய்த இலை

கனி பயணத்துக்கு இசையவில்லை. ஆனால் இலை இசைந்தது. உலர்த்திய இலை கெடாது, நசுங்காது, எடையும் குறைவு. லி ஷிசென் தொகுத்து 1596-இல் அச்சான புகழ்பெற்ற சீன மருந்து நூல் இவ்விலையின் பயனைக் கூறுகிறது. இலையின் அடிப்புறத்துப் பஞ்சு தொண்டையை அறுக்கும் என்பதால், அதைத் துடைத்து நீக்கிய பின்பே கஷாயம் வைக்க வேண்டும் என்பது சீன மருத்துவ வழக்கு. ஜப்பானில் எடோக் காலத்துக் கோடைநாட்களில் இவ்விலைக் கஷாயத்தைத் தெருவில் கூவி விற்றனர்.

நம் மருந்துப் பெட்டியிலுள்ள குழம்பும் இவ்வழியில் வந்ததே. சிங் பேரரசின் காலத்து அதிகாரி ஒருவர், தாயின் இருமலுக்கு மருத்துவரிடம் பெற்ற முறையைத் தாய் விரும்பியவாறு பிறருக்கும் வழங்கினார் என்பது அதைப் பற்றிய கதை. 'நின் ஜியோம்' என்னும் பெயர் தாயை நினைத்தலைக் குறிப்பது. அப்பெயரில் 1946-இல் ஹாங்காங்கில் நிறுவனம் அமைந்தது. அதன் புட்டி தென்கிழக்காசியா எங்கும் பரவியது. அதிலுள்ள லக்கோட்டா இலையே. நாவில் தங்குவது தேனும் புதினாக் குளிர்ச்சியும். ஆகவே பெய் பாக் கனியும் அவ்வாறே சுவைக்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். பெயர் வந்தது, இலை வந்தது, தகரக் குவளையில் சர்க்கரைப் பாகில் ஊறிய பழமும் வந்தது. சுவை மட்டும் வரவில்லை.

கணக்கேட்டில் இல்லாத வரலாறு

நம் பள்ளிகளில் மாணவர் படிக்கும் வரலாற்றில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பெரிதாகப் பேசப்படுகின்றன. மலாக்கா செழித்ததும், போர்த்துகீசியர் வந்ததும், டச்சுக்காரர் கோட்டை கட்டியதும் அவற்றால் அன்றோ? அவை உலர்ந்தாலும் கெடாத பொருள்கள், நிறுத்து விற்கலாம், சுங்கம் விதிக்கலாம். எனவே கணக்கேட்டில் ஏறின. கணக்கேட்டிலிருந்து வரலாற்று நூலிலும் ஏறின. லக்கோட்டாவுக்காக எந்தத் துறைமுகமும் எழவில்லை. எந்தப் போரும் நடக்கவில்லை. அதனால் அதற்கு வரலாறு இல்லை என்று கருதிவிடலாகாது. மடியில் முடிந்த விதையாக, கையில் ஏந்திய நாற்றாக, அது உலகின் பாதியைச் சுற்றி வந்தது. மியுரா ஷியோவின் பெயரை மோகி ஊரார் மறவாமல் காத்தனர். அவரைப் போன்ற எத்தனையோ பேரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

இது நமக்கும் உரிய செய்தி. மலாயாத் தோட்டப்புறங்களில் தமிழர் குடியிருந்த வரிசை வீடுகளின் பின்னே முருங்கை நின்றது, கறிவேப்பிலை நின்றது. ரப்பர் எத்தனை ராத்தல் ஏற்றுமதியாயிற்று என்பதற்குக் கணக்கு உண்டு. அந்த முருங்கையின் முதற்கிளையை, அந்தக் கறிவேப்பிலையின் முதற்கன்றை, எந்த ஊர்த் தாய் எந்தக் கப்பலில் கொண்டுவந்து நட்டாள் என்பதற்குக் கணக்கு உண்டா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வரிசை வீடுகள் இடிக்கப்பட்ட இடங்களில் அம்மரங்களும் போயின. அவற்றை நட்டவரை அறிந்த முதியோரும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

கடையில் வாங்கும் கனிக்கு விலைச்சீட்டு உண்டு. வீட்டில் விளையும் கனிக்கு நட்டவர் பெயர் உண்டு. முன்னது தானே பாதுகாக்கப்படும். பின்னதை நாம்தான் பாதுகாக்க வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம் அடுத்த கட்டுரைப் பயிற்சிக்கு இத்தலைப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்: 'எங்கள் வீட்டு மரம்: அதை நட்டவர் யார்?' அடுக்குமாடியில் வாழும் பிள்ளை தன் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். சில வீடுகளில் விடை இன்னும் கிடைக்கும். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.